பாத்தா புரியுது, போட்டா வரலை: 37 வயசுல ஸ்கூல் கணக்கை தானா படிச்ச ஒரு கேஸ்

இந்த கேஸ்ல வர்ற ஆள் நான்தான். வேற யாரையாச்சும் வச்சு எழுதலாம்னுதான் முதல்ல பாத்தேன், ஆனா அடுத்தவங்க நோட்டு நம்ம கையில இருக்காதுல்ல, எங்க தப்பு பண்ணாங்க, எத்தனை தடவை அடிச்சு எழுதினாங்கன்னு நமக்குத் தெரியாது. என் நோட்டு ஒம்போதும் பத்திரமா இருக்கு, எல்லாம் 192 பக்க லாங் சைஸ், அதுல ரெண்டு நோட்டு முழுக்க தப்பு மட்டும்தான். அதைப் பக்கத்துல வச்சுக்கிட்டுதான் எழுதறேன்.

ஆள் விவரம் சுருக்கமா. ஊரு திருப்பூர், ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ். பத்தாவது முடிச்சது 2002, கணக்குல 41. சமச்சீர் எல்லாம் அப்ப கிடையாது, அது பத்தாவதுக்கு வந்ததே 2011-லதான். எங்க ஸ்கூல்ல கணக்கு வகுப்புன்னா போர்டுல எழுதறதை நோட்டுல எழுதணும், பரிட்சைக்கு அதே கணக்கு அதே நம்பரோட வரும், அதனால கணக்கையே மனப்பாடம் பண்ணுவோம், நெசமாத்தான், வரிக்கு வரி. அதுல 41 வந்ததே எங்க வீட்ல பெருசு. அப்பறம் பிளஸ் ஒன்ல கணக்கு இல்லாத காமர்ஸ் குரூப், பி.காம், டேலி, எக்செல், இப்படியே ஓடிருச்சு. நாள் பூரா நம்பரோட கிடக்கிற வேலை, ஆனா எக்ஸ், ஒய்யைப் பாத்தா மட்டும் வயிறு கலங்கும். இது ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருக்க முடியும்னு அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவங்களுக்குத் தெரியும்.

ஏன் ஆரம்பிச்சேன்னா, ஆபீஸ்ல எல்லாரும் டேட்டா டேட்டான்னு பேசறாங்கன்னு நானும் ஆன்லைன்ல ஒரு கோர்ஸ் சேந்தேன். முதல் வாரம் எக்செல் மாதிரிதான் போச்சு, ஜம்முனு இருந்துச்சு. ரெண்டாவது வாரம் ஒரு பக்கத்துல சிக்மா போட்டு, பிராக்கெட்டுக்கு மேல 2 போட்டு, அதுக்கு டெரிவேட்டிவ் எடுத்து பூஜ்யத்துக்கு சமமா வைக்கணும்னு ஒரே வரியில சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிட்டாங்க. லேப்டாப்பை மூடி வச்சேன். அந்த ஒரு வரியைப் படிக்கறதுக்குத்தான் அடுத்த பதினாலு மாசம்.

முதல்ல பண்ண முட்டாள்தனம்

நேரா டெரிவேட்டிவ் வீடியோவுக்குப் போனேன். தமிழ்லயும் இருக்கு, இங்கிலீஷ்லயும் இருக்கு, கான் அகாடமில வரிசையா இருக்கு, எல்லாம் ஓசி. (அதை ஆரம்பிச்ச சல்மான் கான் 2004-ல அவரோட சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணுக்கு போன்ல கணக்கு சொல்லிக் கொடுத்ததுலதான் எல்லாம் தொடங்குச்சு. அந்தப் பொண்ணுக்கு எதிர்ல ஒரு ஆள் இருந்தாரு, எனக்கு வீடியோ மட்டும்தான், இந்த வித்தியாசத்தைப் பத்திதான் பின்னாடி நிறைய சொல்லப் போறேன்.) மூணு வாரம் ராத்திரி சாப்ட்டுட்டு படுத்துக்கிட்டே பாத்தேன். எல்லாம் புரிஞ்சுது. சத்தியமா புரிஞ்சுது, தலையாட்டிக்கிட்டே பாத்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை பேப்பர் எடுத்து, வீடியோல போட்ட அதே கணக்கை நம்பரை மட்டும் மாத்திப் போடலாம்னு உக்காந்தா மூணாவது வரில நின்னுருச்சு. நின்ன இடம் டெரிவேட்டிவ் இல்ல, பிராக்கெட்டைப் பிரிக்கிற இடம்.

பாத்தா புரியுது, போட்டா வரலை. கிணத்து மேட்டுல உக்காந்து நீச்சல் பாக்கற மாதிரி.

சரி, அடிப்படையில இருந்து வருவோம்னு பிளஸ் ஒன் புக்கு எடுத்தேன். தமிழ்நாட்டு பாடநூல் கழகத்துப் புக்கு எல்லாம் பிடிஎஃப்பா ஓசியிலயே கிடைக்குது, 2018-ல மாத்தின புதுப் புக்கு, பிளஸ் ஒன்னுக்கு ரெண்டு தொகுதி, மொத்தம் 12 பாடம். கணங்கள், சார்புகள்னு ஆரம்பிச்சு ரெண்டாவது பாடம் அடிப்படை இயற்கணிதம். அந்த "அடிப்படை"ங்கற வார்த்தையை நம்பி உள்ள போயிடாதீங்க, அது பத்தாவது நல்லா போட்டவனுக்குத்தான் அடிப்படை. அங்க நின்னு, பத்தாவதுக்கு இறங்கி, அங்கயும் காரணிப்படுத்தறதுல நின்னு, ஒம்போதாவதுக்கு இறங்கி, கடைசில எங்க போய் கால் தரையில பட்டுச்சு தெரியுமா? என் பொண்ணோட ஏழாம் வகுப்பு முதல் பருவப் புக்கு. முழுக்கள். மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் பிளஸ்.

அது எனக்குத் தெரியும்தான், ஆனா ஏன்னு தெரியாது. பொண்ணு கேட்டா, "அது ரூல்மா"ன்னேன். அவ, "அப்பா, எங்க மிஸ்ஸும் அதையேதான் சொன்னாங்க"ன்னா. அன்னிக்கு ராத்திரி உக்காந்து யோசிச்சது இது: 3-ம் மைனஸ் 3-ம் கூட்டினா 0. அதை மைனஸ் 2-ஆல பெருக்கினாலும் 0தான் வரணும். இப்ப பிராக்கெட்டைப் பிரிச்சா முதல் துண்டு மைனஸ் 6. ரெண்டாவது துண்டுதான் மைனஸ் 2 இன்ட்டு மைனஸ் 3, அது பிளஸ் 6-ஆ இருந்தாத்தான் மொத்தம் 0 ஆகும். வேற வழியே இல்ல. 37 வயசுல இதைக் கண்டுபிடிச்சப்ப எனக்கு வந்த சந்தோஷத்தை வெளிய சொல்ல முடியாது, யாருகிட்டயாச்சும் சொன்னா சிரிப்பாங்க.

ஓட்டை எங்க இருந்துச்சு

தப்பு நோட்டுன்னு ஒண்ணு வச்சேன்னு சொன்னேன்ல. ஒவ்வொரு தப்பையும் என்ன வகைன்னு எழுதி வைப்பேன், அக்கவுண்ட்ஸ் ஆளு, வவுச்சர் போடாம தூக்கம் வராது. மூணு மாசம் கழிச்சு எண்ணிப் பாத்தா பாதிக்கும் மேல மைனஸ், பிராக்கெட், பின்னம் இந்த மூணுதான். அதுக்கு அடுத்தது, ஒரு வரியில இருந்து அடுத்த வரிக்கு எடுத்து எழுதறப்ப நம்பர் மாறினது (என் 1-ம் 7-ம் ஒரே மாதிரி இருக்கும்). நெசமாவே அந்தப் பாடம் புரியாம வந்த தப்புன்னு பாத்தா கைவிரல்ல எண்ணிடலாம். அதாவது கணக்கு கஷ்டம்னு இருபது வருஷமா நான் நினைச்சுக்கிட்டு இருந்தது எதுவும் பத்தாவது பாடத்துலயே இல்ல, ஏழாவது எட்டாவதுல போட்ட ஒட்டு பிரிஞ்சு கிடந்திருக்கு.

ஒரு உதாரணம். மேல "எக்ஸ் + 6", கீழ 6. நான் என்ன பண்ணேன், மேல இருக்கற 6-ஐயும் கீழ இருக்கற 6-ஐயும் ஒரே கோடு போட்டு அடிச்சிட்டு விடை எக்ஸ்னு எழுதிட்டேன். ரொம்ப நம்பிக்கையா. பின்னாடி விடைப் பக்கம் பாத்தா வேற இருக்கு. ஏன்னு புரியல, புக்குல அச்சுப்பிழைன்னு நினைச்சு ரெண்டு நாள் விட்டுட்டேன். தானா படிக்கறவனோட வியாதி இது, புக்கு மேல பழி போடறது. கிளாஸ்ல இருந்தா பக்கத்துல இருக்கறவனே தலையில தட்டி "டேய், கூட்டல்ல அடிக்கக் கூடாதுடா"ன்னு சொல்லியிருப்பான், அஞ்சு செகண்ட் வேலை.

இந்த இடத்துலதான் எனக்கு ஒரு வழி கிடைச்சுது, அது எந்த வீடியோலயும் பெருசா சொல்லல. எக்ஸ்க்கு ஒரு நம்பரைப் போட்டுப் பாக்கறது. எக்ஸ் 3-ன்னு வைங்க, மேல 9, கீழ 6, ஒண்ணரை. நான் எழுதின விடை எக்ஸ், அதாவது 3. ஒண்ணரையும் 3-ம் ஒண்ணா? முடிஞ்சுது கதை, தப்பு. வாத்தியார் வேணாம், விடைப் பக்கமும் வேணாம். எங்க ஆபீஸ்ல டிரையல் பேலன்ஸ் (பற்றும் வரவும் ரெண்டு பக்கமும் சமமா வருதான்னு பாக்கற பட்டியல்) டேலி ஆகலைன்னா எங்கயோ ஒரு என்ட்ரி தப்புன்னு தெரியும்ல, அதே சமாச்சாரம்தான். இருபது வருஷமா தினம் பண்ற வேலையை எக்ஸ் மேல பண்ணலாம்னு எனக்கு ஏன் தோணவே இல்லைன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

இதுலயும் ஒரு பள்ளம் இருக்கு, நான் விழுந்தேன். நம்பர் போடறேன்னு எப்பவும் 2-ஐயே போட்டுக்கிட்டு இருந்தேன். 2-ஓட ஸ்கொயர் 4, ரெண்டு மடங்கு 4, 2-ஐக் கூட்டினாலும் 4. எக்ஸ் ஸ்கொயர்னு எழுத வேண்டிய இடத்துல 2 எக்ஸ்னு எழுதியிருந்தாலும் சரின்னே காட்டும். 0-ம் 1-ம் அதைவிட மோசம், எல்லாத்துக்கும் ஆமாஞ்சாமி போடும். அப்பறம் 7-க்கு மாறினேன். ரெண்டு எழுத்து இருந்தா 7-ம் 3-ம். (அ + ஆ) ஸ்கொயரை அ ஸ்கொயர் + ஆ ஸ்கொயர்னு எழுதற பழக்கம் எனக்கு எவ்வளவு சொல்லியும் போகல, 7-ம் 3-ம் போட்டுப் பாத்தா ஒரு பக்கம் 100, இன்னொரு பக்கம் 58. அந்த 42 எங்க போச்சுன்னு தேடினப்பதான் 2 அஆ-ன்னா என்னன்னு உள்ள இறங்குச்சு.

பேப்பர் வெட்டினது

பத்தாவதுல இருபடிச் சமன்பாடு. மூணு வழி இருக்கு, காரணிப்படுத்தறது, வர்க்கப் பூர்த்தி, சூத்திரம். சூத்திரத்தை மனப்பாடம் பண்ணி 2002-ல மார்க் வாங்கினவன்தான் நானும். இந்தத் தடவை வர்க்கப் பூர்த்தியை விடக் கூடாதுன்னு உக்காந்தேன், ஏன்னா சூத்திரமே அதுல இருந்துதான் வருது.

ஒம்போதாம் நூற்றாண்டுல பாக்தாத்ல இருந்த அல் குவாரிஸ்மி போட்ட கணக்கு ஒண்ணு இருக்கு. எக்ஸ் ஸ்கொயர் + 10 எக்ஸ் = 39. (அல்காரிதம்ங்கற வார்த்தையே இவரு பேருல இருந்து வந்ததுதான்.) இதை அவரு படம் போட்டுத்தான் தீர்த்திருக்காரு. நானும் பொண்ணும் சார்ட் பேப்பர் எடுத்து உக்காந்தோம். எக்ஸ் நீளம் எக்ஸ் அகலம்னு ஒரு சதுரம் வெட்டணும். அவ கத்திரிக்கோலை வச்சுக்கிட்டு, "எக்ஸ் எவ்வளவுன்னே தெரியாம எப்படிப்பா வெட்டறது?"ன்னா. நியாயமான கேள்வி. "ஏதோ ஒண்ணு வெட்டு கண்ணு, அப்பறம் கண்டுபிடிப்போம்"னேன். வெட்டினா. 10 எக்ஸை ரெண்டு பட்டையா பிரிச்சோம், ஒவ்வொண்ணும் 5 அகலம், எக்ஸ் நீளம். ஒண்ணை சதுரத்துக்கு வலப்பக்கம் ஒட்டினோம், ஒண்ணைக் கீழ ஒட்டினோம். இப்ப பெரிய சதுரம் மாதிரி இருக்கு, ஆனா மூலையில ஒரு துண்டு காணோம். அந்த மூலை 5-க்கு 5, அதாவது 25. இருக்கற பேப்பர் 39, மூலை 25, ரெண்டும் சேந்தா 64, அப்ப பெரிய சதுரத்தோட பக்கம் 8, அதுல 5 போனா 3. எக்ஸ் 3. "பாதியாக்கி வர்க்கப்படுத்தி இருபுறமும் கூட்டுக"ன்னு புக்குல ஒரு வரி வருமே, அந்த "கூட்டுக" இந்த மூலைதான். இருபது வருஷம் முன்னாடி மனப்பாடம் பண்ண வரிக்கு இப்பதான் உருவம் வந்துச்சு.

இன்னொரு விடை மைனஸ் 13, போட்டுப் பாருங்க, 169-ல 130 போனா 39 வரும். பேப்பர்ல அது வராது, மைனஸ் 13 சென்டிமீட்டர்னு ஒரு பேப்பரை வெட்ட முடியாதுல்ல. அல் குவாரிஸ்மியும் அதை எடுத்துக்கல.

மொட்டை மாடி கதையையும் சொல்லிடறேன். முக்கோணவியல்ல ஏற்றக் கோணம்னு வரும், நேரா பாக்கறதுல இருந்து கண்ணை எவ்வளவு மேல தூக்கிப் பாக்கறோம்ங்கறது. எங்க தெரு முக்குல ஒரு அபார்ட்மென்ட், மேல தண்ணி டேங்க். பொண்ணோட ஜியோமெட்ரி பாக்ஸ்ல இருந்து கோணமானி, அதுல ஒரு நூல், நூல் நுனியில ஒரு நட்டு. தூரம் அளக்க கம்பெனி இன்ச் டேப், 60 இன்ச்தான் இருக்கும், எட்டு தடவை வச்சு 480 இன்ச், 40 அடி. கோணம் 40 டிகிரி. டேன்னா உசரத்தை தூரத்தால வகுத்தது. டேன் 40, ஒம்போதாவது புக்குல டேபிள் இருக்கு, 0.8391. நாப்பதால பெருக்கினா 33 அரை அடி, என் கண்ணு உசரம் 5 அடி, ஆக 38 அரை. அப்பறம் வாட்ச்மேன்கிட்ட கெஞ்சி மேல போய் டேங்க் விளிம்புல இருந்து கயிறு விட்டு அளந்தா 37 அடி 4 இன்ச். ஒண்ணே கால் அடி கூட வந்திருக்கு. ஏன்னு போட்டுப் பாத்தேன், கோணம் 39-ன்னு எடுத்திருந்தா 37.4 வந்திருக்கும். ஒரே ஒரு டிகிரி. நூல் ஆடினதுல ஒரு டிகிரி போச்சு, அதுக்கு விலை ஒண்ணே கால் அடி. புக்குல இந்தக் கணக்குங்க எல்லாம் 30, 45, 60-ன்னு அழகழகா வரும், காத்துல நூல் ஆடறதை எந்தக் கணக்கும் சொல்லாது. வாட்ச்மேன் அண்ணன், "ஏனுங்க சார், பில்டிங்கை வாங்கப் போறீங்களா?"ன்னாரு.

லாகரிதம் எனக்கு சீக்கிரம் வந்துருச்சு, காரணம் வட்டி. 72-ஐ வட்டி விகிதத்தால வகுத்தா பணம் டபுள் ஆகற வருஷம்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்லுவோம், 8 பர்சென்ட்னா 9 வருஷம். ஏன் 72-ன்னு யாரும் கேட்டதில்ல. 1.08-ஐ எத்தனை தடவை பெருக்கினா 2 வரும்ங்கறதுதான் கேள்வி, லாக் 2 0.3010, லாக் 1.08 0.0334, வகுத்தா 9.01. புக்கு "மடக்கை"ங்குது, வீடியோ லாக்ங்குது.

இந்த வார்த்தைப் பிரச்சனை சாதாரணம் இல்ல. நான் தமிழ் மீடியம் புக்கை வச்சுக்கிட்டு இங்கிலீஷ் வீடியோ பாக்கறேன், அவரு ஃபங்ஷன்ங்கறாரு, இங்க சார்பு. டெரிவேட்டிவ்னா வகைக்கெழு, இன்டெக்ரல்னா தொகையீடு, மேட்ரிக்ஸ்னா அணி, டிட்டர்மினன்ட்னா அணிக்கோவை. ஒரு வாரம் அணியும் அணிக்கோவையும் ஒண்ணுன்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன், அணின்னா நம்பரை அடுக்கின கட்டம், அணிக்கோவை அந்தக் கட்டத்துல இருந்து கிடைக்கிற ஒரே நம்பர். தமிழ் வார்த்தை நிறைய இடத்துல நல்லாவே இருக்கு, சார்புன்னா ஒண்ணு இன்னொண்ணைச் சார்ந்து இருக்குன்னு வார்த்தையே சொல்லிடுது, ஃபங்ஷன்னா நமக்கு காதுகுத்து கல்யாணம்தான் ஞாபகம் வரும். சமையக்கட்டு சுவத்துல ரெண்டையும் ஒரு சார்ட்ல எழுதி ஒட்டி வச்சேன். வீட்டம்மா எடுக்கச் சொல்லல, அது பெரிய விஷயம்.

பரிட்சை வச்சுக்கிட்டேன், மாட்டிக்கிட்டேன்

ஒம்போதாவது மாசம் பத்தாவது பாடம் எட்டும் முடிச்சுட்டேன்னு ஒரு தைரியம். பழைய பப்ளிக் கொஸ்டின் பேப்பர் ஒண்ணை பிரிண்ட் எடுத்து, ஞாயித்துக்கிழமை காலையில மூணு மணி நேரம் கதவைச் சாத்திட்டு எழுதினேன். ஒரு மார்க் 14, ரெண்டு மார்க் 10, அஞ்சு மார்க் 10, எட்டு மார்க் ரெண்டு, ஆக 100. நானே திருத்தி நானே போட்டுக்கிட்ட மார்க் 71. கேக் வாங்கிட்டு வந்தேன்.

எங்க தெருவுலயே ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒருத்தர் இருக்காரு, சாயங்காலம் வாக்கிங் வருவாரு. வெக்கமாத்தான் இருந்துச்சு, இருந்தாலும் பேப்பரைக் கொடுத்து, "சார், சும்மா ஒரு பார்வை பாருங்க"ன்னேன். மறுநாள் திருப்பிக் கொடுத்தாரு. 58. வடிவியல்ல உதவிப்படம் போடல, அளவியல்ல விடைக்குப் பின்னாடி அலகு எழுதல, பல்லுறுப்புக் கோவைக்கு வர்க்கமூலம் எடுத்துட்டு ரெண்டு பக்கமும் மட்டுக் குறி போடல, இதுக்கெல்லாம் அரை அரையா கழிச்சிருந்தாரு. அது பரவால்ல. ஆனா ஒரு இடத்துல நான் முழு மார்க் போட்டிருந்தேன், அவரு சிவப்புல ஒரு கோடு இழுத்து சைபர் போட்டிருந்தாரு. விடை சரி. புக்குல இருக்கற அதே விடை.

"சார், விடை சரியாத்தானுங்களே இருக்கு?"

"விடை சரி தம்பி. வழிதான் ரெண்டு இடத்துல தப்பு. நீங்க ஒரு தப்பு பண்ணி, இன்னொரு தப்பால அதை அடைச்சிருக்கீங்க."

பெரிய கணக்குல நடுவுல வர்ற ஒரு துண்டு அது. 7-ல இருந்து பிராக்கெட்ல எக்ஸ் மைனஸ் 2-ஐக் கழிச்சா 3. சரியா பிரிச்சா 7 மைனஸ் எக்ஸ் பிளஸ் 2, அப்ப 9 மைனஸ் எக்ஸ் 3, எக்ஸ் 6. நான் பிரிச்சது 7 மைனஸ் எக்ஸ் மைனஸ் 2. பழைய வியாதி. அப்பறம் அந்த மைனஸ் 2-ஐ அந்தப் பக்கம் கொண்டு போறப்ப குறியை மாத்தாம மைனஸ் 2-ஆவே வச்சு, 7 மைனஸ் எக்ஸ் சமம் 1-ன்னு ஆக்கி, எக்ஸ் 6-ன்னு எழுதியிருக்கேன். 6-ஐ முதல் வரியில போட்டுப் பாத்தா சரியாத்தான் வரும், ஏன்னா விடை நெசமாவே 6. என் டிரையல் பேலன்ஸ் டேலி ஆயிருச்சு, உள்ள ரெண்டு என்ட்ரி தப்பு. அக்கவுண்ட்ஸ்ல இதுக்கு ஈடுசெய் பிழைன்னு பேரே இருக்கு, பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல்ல படிச்சது, டிரையல் பேலன்ஸ் காட்டிக் கொடுக்காத தப்புங்க பட்டியல்ல வரும். எனக்குப் பரிட்சைக்கு வந்த கேள்வி அது!

அன்னிக்கு வரைக்கும் நான் நம்பினது, தானா படிக்கறதுக்கு விடைப் பக்கமும் நம்பர் போட்டுப் பாக்கறதும் போதும்னு. போதாது. அது ரெண்டும் கடைசி வரியைத்தான் பாக்கும். அதுக்கப்பறம் ஒவ்வொரு வரியிலயும் நம்பர் போட ஆரம்பிச்சேன். அந்த ரெண்டாவது வரியில 6-ஐப் போட்டிருந்தா மைனஸ் 1 வந்திருக்கும், 3 வராது, அங்கயே மாட்டியிருப்பேன். நேரம் டபுள் ஆச்சு. அதோட மாசம் ஒரு தடவை சார்கிட்ட ஒரு பேப்பர். அவரு பாடம் எடுக்க மாட்டாரு, எடுக்கச் சொல்லி நானும் கேக்கல, திருத்தி மட்டும் கொடுப்பாரு. எனக்குத் தேவைப்பட்டது அதுதான். சொல்லிக் கொடுக்க ஆயிரம் பேரு இருக்காங்க, "இங்க தப்பு"ன்னு கை வச்சுக் காட்டத்தான் ஆள் இல்ல.

ஆபீஸ்ல ஒரு தம்பி, "அண்ணா, ராமானுஜன் எல்லாம் தானாத்தானே படிச்சாரு, நம்ம ஈரோட்டுக்காரர்"னான். ஈரோட்ல பிறந்தாரு, 1887, வளர்ந்தது கும்பகோணம். அவரு கேஸை நமக்கு உதாரணம் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. வீட்ல தங்கியிருந்த காலேஜ் பசங்ககிட்ட முக்கோணவியல் புக்கு வாங்கிப் படிச்சதும், பதினாறு வயசு வாக்குல கார்ங்கற ஒருத்தர் தொகுத்த புக்கு கையில கிடைச்சதும் நெசம்தான். அந்தத் தொகுப்புல ஆயிரக்கணக்குல முடிவுங்க இருக்கும், நிரூபணம் பேருக்குத்தான். அதை வச்சு அவரு ஸ்லேட்ல போட்டு, முழங்கையால அழிச்சு, முடிவை மட்டும் நோட்ல எழுதி வச்சாரு. கணக்கு தவிர மத்தது ஓடாம கும்பகோணத்துலயும் ஃபெயில், மெட்ராஸ்ல பச்சையப்பாஸ்லயும் ஃபெயில். 1914-ல கேம்பிரிட்ஜ் போன அப்பறம்தான் ஹார்டி மாதிரி பெரிய கணக்கு ஆளுங்க பக்கத்துல உக்காந்து நிரூபணம் பத்திப் பேசினாங்க. அவருக்கே வழியைப் பாத்துச் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு. நான் 7 மைனஸ் 2-ல நிக்கிறவன்.

பிளஸ் ஒன்னும் அந்த ஒரு வரியும்

பிளஸ் ஒன்னை வரிசையாப் போடல. சார் சொன்னாரு, உங்களுக்கு டெரிவேட்டிவ்தானே வேணும், சார்பு, அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல்ல பாதி, அப்பறம் ரெண்டாம் தொகுதியில ஒம்போதும் பத்தும் போதும்னு. ஒம்போது எல்லைகள், பத்து வகையிடல்.

எல்லைகள்ல எனக்கு ஒரு கோவமே வந்துச்சு. 3-ல இருந்து 3 + எச் வரைக்கும் எக்ஸ் ஸ்கொயர் எவ்வளவு ஏறுதுன்னு பாக்கணும், ஏத்தத்தை எச்சால வகுத்தா 6 + எச் வருது. கால்குலேட்டர்ல போட்டேன், எச் 0.1-னா 6.1, 0.01-னா 6.01, 0.001-னா 6.001. சரி, 6-ஐப் பாத்துப் போகுது, கண்ணுக்கு முன்னாடி தெரியுது. அந்த 6-தான் 3-ல டெரிவேட்டிவ், அதாவது அந்த இடத்துல எக்ஸ் ஸ்கொயர் ஏறற வேகம். ஆனா வகுக்கறப்ப எச் பூஜ்யம் இல்லைங்கறாங்க, கடைசியில பூஜ்யம்னு வச்சுக்கோங்கறாங்க. எங்க ஆபீஸ்ல இப்படி என்ட்ரி போட்டா ஆடிட்டர் விடுவாரா? அப்பறம்தான் தெரிஞ்சுது, 1734-லயே பெர்க்லின்னு அயர்லாந்துல ஒரு பிஷப் இதே சண்டையை நியூட்டன் ஆளுங்ககிட்ட போட்டிருக்காரு, செத்துப் போன அளவுகளோட ஆவியான்னு கிண்டலே பண்ணியிருக்காரு. அதுக்கு ஒழுங்கான பதில் வர 19-ம் நூற்றாண்டு ஆயிருக்கு. எச் பூஜ்யம் ஆகறதே இல்ல, நீ எவ்வளவு கிட்ட வேணும்னு சொல்றியோ அவ்வளவு கிட்ட என்னால கொண்டு வர முடியும், அவ்வளவுதான் எல்லைன்னா. நூறு வருஷத்துக்கு மேல பெரிய பெரிய ஆளுங்களே தடுமாறின இடத்துல நான் பத்து நாள் நின்னதுல தப்பில்லைன்னு தோணுச்சு.

எத்தனை மணி நேரம் படிச்சேன்னு கேப்பாங்க. காலையில அஞ்சுல இருந்து ஆறு. ஆனா மாசம் 11-ம் தேதில இருந்து 20 வரைக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்ன், அந்தப் பத்து நாள் நோட்டைத் தொட மாட்டேன். மார்ச், ஏப்ரல் வருஷக் கணக்கு முடிக்கிற நேரம், சுத்தமா இல்ல. ஒவ்வொரு தடவை விட்டுட்டுத் திரும்ப வரப்பவும் மூணு நாள் பழசை மறுபடி போட்டாத்தான் கை வரும். பதினாலு மாசத்துல உருப்படியாப் படிச்சது எட்டு மாசம் இருக்கும்.

பதினாலாவது மாசம் அந்த கோர்ஸை மறுபடி திறந்தேன். ரெண்டாவது வாரம், அதே பக்கம். அதே சிக்மா. இப்ப பாத்தா அது வேற ஒண்ணும் இல்ல, கூட்டு, அவ்வளவுதான். புள்ளிங்களுக்கு நடுவுல ஒரு கோடு போடணும், கோடு எவ்வளவு சாய்வா இருந்தா மொத்தத் தப்பு கம்மியாகும்ங்கறதுதான் கேள்வி. தப்பை ஸ்கொயர் பண்ணிக் கூட்டறாங்க, சாய்வை வச்சு டெரிவேட்டிவ் எடுக்கறாங்க, பூஜ்யம் ஆகற இடம்தான் பள்ளத்தோட அடி. மூணே புள்ளி வச்சுக் கையால போட்டேன்: எக்ஸ் 1, 2, 3, அதுக்கு ஒய் 2, 3, 5. பூஜ்யத்துல இருந்து கிளம்பற கோடு. எக்ஸையும் ஒய்யையும் பெருக்கிக் கூட்டினா 23, எக்ஸ் ஸ்கொயரைக் கூட்டினா 14, சாய்வு 23-ஐ 14-ஆல வகுத்தது, 1.643. பழக்க தோஷம், சும்மா விடுவேனா, 1.6 வச்சு தப்பைக் கூட்டினேன் 0.24, 1.7 வச்சுக் கூட்டினேன் 0.26, 1.643-க்கு 0.214. ரெண்டு பக்கமும் ஏறுது, நடுவுல பள்ளம். எக்செல்ல டிரெண்ட்லைன் போட்டு, கோடு பூஜ்யத்துல இருந்து கிளம்பணும்னு டிக் பண்ணா 1.6429-னு வந்துச்சு. இருபது நிமிஷ வேலை. சமையக்கட்டுல போய் காபி போட்டுக் குடிச்சேன், சார்ட்ல வகைக்கெழுங்கற வார்த்தை மேல எண்ணெய் தெறிச்சிருந்துச்சு.

அடுத்த பக்கம் திருப்பினா நேர்மாறு அணி. பத்தாவதுல அணி கூட்டல், பெருக்கல் வரைக்கும் போட்டிருந்தேன், நேர்மாறு பிளஸ் டூ முதல் பாடத்துலதான் வருது, அதுக்கு முன்னாடி பிளஸ் ஒன் ஏழாவது பாடத்துல அணிக்கோவை வேணும், அதைத்தான் நான் தாண்டிக் குதிச்சு ஒம்போதுக்குப் போயிட்டேன். சார்கிட்ட சொன்னேன். "ஆமா தம்பி, நீங்க டெரிவேட்டிவ்தானே கேட்டீங்க"ன்னாரு. இப்ப பயிற்சி 7.1-ல இருக்கேன். இன்னிக்கு 10-ம் தேதி, நாளையில இருந்து ரிட்டர்ன்.